நீங்க எந்த ஆளுக?

தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன் தொண்டையில் மீன்முள் சிக்காது. சிக்கினாலும் வெளியே சொல்லமாட்டான், அவ்வளவுதான். நாலு பேருக்குத் தெரிந்தால் தெருவே சிரிக்காதா? பவுலுக்கு அன்றைக்குச் சிக்கியது. அதுவும் முள்வாளை முள். ஹார்பருக்கு நேரமாகிவிட்டது என்று குசினியில் நின்றவாக்கிலேயே குழம்பும் சோறுமாக அள்ளிப் போட்டதில், முள் ஒன்று குறுக்கே போய் நின்றுகொண்டது. சோற்றை உருண்டை பிடித்து விழுங்கினார். வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கினார். முள் அசைவேனா என்றது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வந்தது.

“இத்தனை வருசம் மீன் தின்னும் முள்ளு எடுக்கத் தெரியல பாரு,” என்று அவர் மனைவி பிளாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகள் விஜிலா பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

பவுல் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்ப்பவர். கண்டெய்னர் வந்து இறங்கினால், சுங்க அதிகாரிகளுக்கும் லாரிக்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசிப் பேசியே அதை வெளியில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பாடு. வாய் இருந்தால்தான் அந்த வேலையில் பிழைப்பு. “அண்ணாச்சி பேச ஆரம்பிச்சா கப்பலே கரை ஏறிரும்லா” என்று லாரிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்ததே கிடையாது. தான் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் அது.

பிறக்கும்போது அவர் பவுல் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த தெலுங்குச் செட்டியார் வீட்டில் சத்தியநாராயணன் என்று பிறந்தவர். முட்டை வாடை அடித்த ஆளையே வாசலோடு அனுப்பிவிடுகிற குடும்பம். படிக்கத் தூத்துக்குடிக்கு வந்த இடத்தில் பிளாரன்ஸைப் பார்த்தார். பார்த்தார் என்றால், படிப்பை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கப்பல்காரர் மகள். பனிமய மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. இரண்டு வீட்டிலும் பூகம்பம். கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வைத்து அவருடைய அண்ணன் ரங்கநாதன், “எங்களுக்கு நீ செத்துட்டே. இனிமே எங்க ஆளுன்னு எங்கயாவது வாயத் திறந்தே, நடக்கிறதே வேற,” என்று கத்தினார்.

சின்ன வயசு, ரத்தம் கொதிக்காதா? “செத்தாலும் உங்க ஜாதிப் பேரு என் வாயில வராது,” என்று தம்பியும் பதிலுக்குக் கத்தினார். ரங்கநாதன் நேராக வீட்டுக்குப் போய்த் தலை முழுகினார் என்று பிறகு யாரோ வந்து சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது. ஞானஸ்நானம் வாங்கிப் பவுல் ஆனார். பிளாரன்ஸைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மாதா முன்னால் நிறுத்தி, “யாரு கேட்டாலும் நான் அனாதை, சாமியார் வச்சிருந்த விடுதியில வளர்ந்தவன். சத்தியம் பண்ணு,” என்றார். அவள் அழுதுகொண்டே சத்தியம் பண்ணினாள்.

அந்தப் பொய்யை அவர்கள் மகளிடமும் சொன்னார்கள். விஜிலா பள்ளிக்கூடத்தில், “எங்க அப்பாவுக்கு அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல, ஏசப்பாதான் வளத்தாரு,” என்று பேசிப் பரிசுகூட வாங்கினாள். அவள் கல்யாணத்தில் அப்பா வழியில் முறை செய்ய ஆள் இல்லாமல் பிளாரன்ஸின் தம்பியே இரண்டு பக்கமும் நின்றார். அன்றைக்குப் பந்தலுக்குப் பின்னால் நின்று பவுல் லேஞ்சியால் மூக்கைச் சிந்தியதை, மகள் பிரிவுக்கு அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முள் சிக்கிய அன்று, ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகப் போனார்கள். காது மூக்குத் தொண்டை பார்க்கும் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முள் உணவுக்குழாய் வாசலில் குறுக்கே நிற்கிறது, மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுத்தான் எடுக்கவேண்டும் என்றார். சின்ன வேலை, சீக்கிரம் முடிந்துவிடும். மயக்கம் கொடுக்க டாக்டர் சிவப்பிரகாஷ் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், நல்ல மனுஷர். ஆஸ்துமா உண்டா, சுகர் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவந்தவர், கொஞ்சம் தயங்கிக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. எல்லார்கிட்டயும் கேக்கதுதான். நீங்க எந்த ஆளுக? வீட்ல தெலுங்கு பேசுத செட்டியாரு ஆளுகளா? ஜாதி பாக்கதுக்குக் கேக்கல, ஒரு ஊசிக்காகக் கேக்கேன். சில ஆளுகளுக்கு அது சேராது.”

பவுல் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மகள், பக்கத்தில் மனைவி. பிளாரன்ஸ் வாயைத் திறந்தாள். பவுல் அவளை ஒரு பார்வை பார்த்தார், அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“டாக்டர், அப்பா பேரைக் கேட்டா தெரியலையா?” என்று விஜிலா சிரித்தாள். “நாங்க கடற்கரைக்காரங்க.”

பவுல் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஊசி என்ன ஜாதி பார்த்தா வேலை செய்யும்? போலீஸ் ஸ்டேஷன்தான் கேட்டது, கல்யாணத் தரகன் கேட்டான், இப்போது ஊசியும் கேட்கிறதாக்கும் என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டுக்கொண்டே மேசையில் போய்ப் படுத்தார். சாப்பிட்ட வயிறு என்பதால் சட்டென்று வேலை செய்து சட்டென்று கலைகிற, தசையைத் தளர்த்தும் ஊசியைத்தான் போடவேண்டும் என்று டாக்டர் நர்ஸிடம் சொல்வது கேட்டது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் வந்தது சத்தம்தான். தட்டில் ஏதோ ‘டிங்’ என்று விழுந்தது. “இந்தா பாருங்க, என்ன நீளம்!” என்றார் டாக்டரம்மா. ஓ, முள் வெளியே வந்துவிட்டது, முடிந்தது என்று நினைத்தார் பவுல். கண்ணைத் திறக்கப் பார்த்தார். இமை எழும்பவில்லை. இன்னும் தூக்கம் கலையவில்லை போலும் என்று மறுபடி முயன்றார். விரலை மடக்க நினைத்தார். விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, குளிரில் விறைத்தது தெரிந்தது, மடங்கத்தான் இல்லை. மூச்சை இழுக்கலாம் என்றால் அதற்கும் நெஞ்சு கட்டுப்படவில்லை. தொண்டைக்குள் இருந்த குழாய் வழியாக யாரோ காற்றை அமுக்கி உள்ளே தள்ளினார்கள், நெஞ்சு எழும்பியது; கையை எடுத்தார்கள், அமுங்கியது. தன் நெஞ்சைத் தான் தொடாமலே ஊரான் ஏற்றி இறக்குகிற கொடுமை! ஐயோ, நான் முழித்துவிட்டேன், முழித்துவிட்டேன் என்று உள்ளே அலறினார். வெளியே ஒரு முனகல்கூட வரவில்லை.

“மயக்கத்தை நிறுத்தியாச்சே, இன்னும் ஏன் மூச்சு எடுக்கல?” என்றது டாக்டரம்மா குரல்.

“அதான் நானும் பாக்கேன்,” என்றார் சிவப்பிரகாஷ். “இந்நேரம் எந்திரிச்சு உக்காந்திருக்கணும். இந்த ஊசி மருந்தைக் கரைக்கதுக்கு ரத்தத்துலயே ஒரு என்சைம் இருக்கு. அது சில பேருக்குப் பிறவியிலயே இருக்காது. ஆரிய வைசியச் செட்டியாருங்கள்ல அது கூடுதல். அதுக்குத்தானே கேட்டேன்! இவரு கடற்கரை ஆளுன்னுட்டாரு, மகளும் சொல்லுது.”

“அப்போ மூளைக்கு ஏதும் ஆயிருக்குமோ? ஸ்ட்ரோக்கு?”

மேசையில் கிடந்த பவுலுக்கு எல்லாம் காதில் விழுந்தது. இதுவா, இதற்காகவா கேட்டான்! பதில் அவர் வாய்க்குள்ளேயே இருந்தது. ஒரு சொல், செட்டி என்று சொன்னால் போதும். ஹார்பரில் மணிக்கணக்காகப் பேசுகிற நாக்கு, மாட்டுக்கறிக் கடையில் தொங்குவதுபோலக் குழாயின் பக்கத்தில் கிடந்தது. இவர்கள் மூளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டால்? காற்றுத் தள்ளுகிற கை ஓய்ந்துவிட்டால்? மாதாவே, அந்த வார்த்தையை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒரு உதட்டை மட்டும் அசையவிடு என்று கெஞ்சினார். செத்தாலும் வாயில் வராது என்று வீம்பாகச் சொன்னது இப்படிப் பலிக்கவேண்டுமா?

திருநெல்வேலிக்குக் கொண்டுபோகலாமா, ஆம்புலன்ஸில் இந்த நிலைமையில் ஏற்றலாமா என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு கதவு திறக்கும் சத்தம். டாக்டர் வாசலில் நின்று கேட்பது தெளிவாக உள்ளே வந்தது.

“அம்மா, மறைக்காம சொல்லுங்க. இவரு பூச்சிமருந்து ஏதும் குடிச்சிருந்தாரா? அது உடம்புல இருந்தாலும் இப்படி ஆகும்.”

“என்ன பேச்சு பேசுதீங்க! எங்க வீட்டு ஆளு ஏன் மருந்து குடிக்கணும்?” என்று பிளாரன்ஸ் சீறினாள். அடுத்த நிமிஷமே குரல் உடைந்தது. “ஏன் சார், என்ன ஆச்சு அவியளுக்கு?”

“மூச்சு திரும்பல. ஏன்னு தெரியல. மூளையில அடைப்பான்னு பாக்கணும்.”

“அப்பா...” என்று விஜிலா அழ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு பிளாரன்ஸின் குரலே கேட்கவில்லை. சொல்லு பிள்ளை, சொல்லு. அவள் எதற்கு வாய் திறக்காமல் நிற்கிறாள் என்று பவுலுக்குத் தெரியும். பூட்டைப் போட்டவரே அவர்தானே! நான்தான் தப்பு, மாதா மேல சத்தியம் வாங்கின நாய் நான்தான், நீ சொல்லித் தொலை என்று அவர் உள்ளுக்குள் அடித்துக்கொண்டு கிடந்தார். டாக்டரின் செருப்புச் சத்தம் திரும்பி உள்ளே வர ஆரம்பித்தது. சரி, போயிற்று, இனி அவ்வளவுதான்.

“சார்!” என்று பிளாரன்ஸ் கத்தினாள். “நில்லுங்க சார். மாதா என்னை மன்னிக்கட்டும். அவிய கடற்கரை ஆளு இல்ல. பொறப்புல செட்டியாரு. தெலுங்குச் செட்டியாரு.”

“மம்மி, என்ன உளறுதே?” என்றாள் விஜிலா.

“உளறல ஏளா. ஸ்ரீவைகுண்டத்துல அவிய அண்ணன் கடை வச்சிருக்காவ. அனாதைன்னு சொன்னது பொய்யி.”

டாக்டர் ஓடிவந்தார். கை ஒன்று பவுலின் இமையை விலக்கியது. மேலே விளக்கு, அதற்குக் கீழே சிவப்பிரகாஷின் முகம். பவுலின் கண்ணோரம் நனைந்து காதுவரை ஈரமாகியிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

“அட கடவுளே. முழிச்சுத்தான் கிடக்காரு! அண்ணாச்சி, கேக்குதா? பயப்படாதீங்க. மூளை நல்லா இருக்கு. மருந்து கரையல, அவ்வளவுதான். அதுவா கரையிற வரைக்கும் மெசின் உங்களுக்கு மூச்சு விடும். நான் இங்கனதான் இருப்பேன். இப்போ தூங்க வைக்கேன், என்ன?”

வாசலில் விஜிலா, “அப்பாவுக்கு அண்ணன் இருக்காங்களா? உயிரோடவா இருக்காங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்பது காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே தூக்கம் வந்து பவுலை இழுத்துக்கொண்டது.

சாயங்காலம் நெஞ்சு தானாக எழும்பியது. குழாயை எடுத்தார்கள். மறுநாள் சிவப்பிரகாஷ் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரத்தப் பரிசோதனையில் அந்த என்சைம் பெயருக்குக்கூட இல்லையாம்.

“கோவமா டாக்டர்?” என்றார் பவுல். குரல் கரகரத்தது.

“கோவம் என்னத்துக்கு? நானும் எல்லார் முன்னாலயும் கேட்டிருக்கக் கூடாது. ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா வேற ஊசி போட்டிருப்பேன்.”

“ஞானஸ்நானம் வாங்கினா பழசெல்லாம் போயிருச்சுன்னு நெனச்சேன்.”

“பேரு போகும். ரத்தம் எங்க போகும்? தலைமுறை தலைமுறையா சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டா, இருக்கதும் இல்லாததும் அந்தக் கூட்டத்துக்குள்ளயே சுத்தும். செட்டியாரு எல்லாருக்கும் இப்படின்னு இல்ல, கவனமா கேட்டுக்கிடுங்க; மத்தவங்களுக்கு வராதுன்னும் இல்ல. ஊருக்கு ஊரு, ஆளுக்கு ஆளு மருந்து கரையிற வேகமே மாறும். டி.பி. மாத்திரையே ஒருத்தருக்குச் சுகமாக்கும், இன்னொருத்தருக்கு ஈரலக் கெடுக்கும்.” டாக்டர் விஜிலாவைப் பார்த்தார். “உனக்கு அப்பா வழியில பாதிதான் வந்திருக்கும். பெரிய பயமில்ல, பிரசவத்துக்குப் போற இடத்துல சொல்லி வச்சிரு. ஆனா அண்ணாச்சி, உங்க கூடப்பிறந்தவங்களுக்கு இது முழுசா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. யாரெல்லாம் இருக்காங்க?”

“ஒரு அண்ணன். ஒரு தங்கச்சி, கன்னிகா.” தங்கச்சி பேரைச் சொன்னபோது பவுலின் வாய் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. அவர் வீட்டைவிட்டு வந்தபோது அவள் தாவணி போட்ட பிள்ளை.

“இன்னைக்கே சொல்லிருங்க. நாளைக்கு யாராவது ஒரு சின்ன ஆபரேசன்னு போய்ப் படுத்தாங்கன்னா?”

டாக்டர் எழுந்து போனார். விஜிலா முந்தின நாளிலிருந்தே அப்பாவிடம் முகம் கொடுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து போனை நீட்டினாள். ஸ்ரீவைகுண்டம், மளிகைக்கடை, ரங்கநாதன், நம்பர். இத்தனை வருஷம் மலையாக நின்ற தூரம் அவள் தேடியதும் ஒரு நம்பராகச் சுருங்கிவிட்டது.

“பேசுங்க,” என்றாள். “இல்லன்னா நான் பேசுவேன்.”

மணி அடித்தது. கடைச் சத்தம், யாரோ உளுந்து விலை கேட்கிறார்கள், அதற்கு நடுவில் வயதான ஒரு “ஹலோ”.

“அன்னா,” என்றார் பவுல். “நேனு... சத்தியம்.”

அப்பா வாயில் தெலுங்கைக் கேட்டு விஜிலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் அண்ணனும் தம்பியும் பேசியதெல்லாம் அவளுக்குப் புரியாத அந்தப் பாஷையில்தான்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் பவுல் கடகடவென்று சொன்னார். “வச்சிராதே அண்ணா, உன்கிட்ட ஒண்ணும் கேக்க வரல. எனக்கு ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டு மூச்சு நின்னுபோச்சு, மெசின்ல வச்சிருந்தாங்க. நம்ம ரத்தத்துல அதைக் கரைக்கிற சத்து இல்லையாம். நீ எங்கயும் மயக்க ஊசி போடும்போது சொல்லிரு. கன்னிகாகிட்டயும் இன்னைக்கே சொல்லிரு.”

“தெரியும்டா,” என்றார் ரங்கநாதன்.

“தெரியுமா? எப்படி?”

“கன்னிகா அப்படித்தான் போனா. கர்ப்பப்பை ஆபரேசன். ஆறேழு வருசம் ஆச்சு. சின்ன ஆஸ்பத்திரி, இதெல்லாம் அவங்களுக்குத் தெரியல. பெரிய இடத்துக்குக் கொண்டுபோற வழியிலயே போயிட்டா.” குரல் தேய்ந்து மறுபடி வந்தது. “அதுக்கப்புறம் நம்ம ஆளுக வீடு வீடா நானே போய்ச் சொன்னேன். ஒரு வீடு விடல. உன்னை ஹார்பர் ரோட்டுல ரெண்டு தடவை பார்த்தேன்டா. பஸ்ஸுல உக்காந்துக்கிட்டுப் பார்த்தேன். இறங்கிச் சொல்லணும்னு இருந்துச்சு. வாய் வரல.”

பவுல் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிளாரன்ஸ் வந்து அவர் தோளைத் தொட்டாள். கன்னிகா செத்துவிட்டாள், அவளுக்கு மகன் பிறந்தானா மகள் பிறந்தாளா என்றுகூட இவருக்குத் தெரியாது. ஒரு சொல், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா!

“சத்தியம்,” என்றார் ரங்கநாதன். “உன்னைத் தவிர யார்கிட்டயும் இதைக் கேக்க முடியாது. அந்த ஊசி போட்டுக் கிடக்கும்போது, உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்டா? அவளைச் சுத்தி நாங்கதான் நின்னோம். நான் டாக்டரோட சண்டை போட்டுக்கிட்டு நின்னேன். பணத்தை யாரு கட்டுறதுன்னு மாப்பிள்ளை வீட்டு ஆளுகளோட சத்தம் போட்டேன். போயிட்டா, போயிட்டான்னு அவ தலைமாட்டுலயே நின்னு கத்தினேன். அப்புறம்தான் போனா. அவளுக்கு அதெல்லாம் கேட்டிருக்குமா?”

பவுல் கண்ணை மூடினார். இமை அவர் சொன்னபடி கேட்டது.

“இல்லண்ணா,” என்றார். “ஒண்ணுமே தெரியாது. நல்ல தூக்கம். நான் படுத்திருந்தேனே, எனக்கு ஒரு சத்தம்கூடக் கேக்கல.”

“நெசமாவாடா?”

“நெசமா.”

“அது போதும்டா,” என்று சொல்லி ரங்கநாதன் அழத் தொடங்கினார்.